தாதாக்களின் கதையில் மூட்டை சுமப்பவன் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்துகொண்டிருக்கும், பழைய பம்பாயின் நிழலுலகத் தலைவர்களைப் பற்றிய தொடரை நான் ஒரு வாரமும் விடாமல் வாசித்து வருகிறேன். குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொண்டுவிடுவது முறை. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத் தேநீர்க் கடையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு பிரதிகள் வாங்குகிறார்கள். இணைப்பை ஒருவர் உருவிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்பதால் கடைக்காரர் கண்டுபிடித்த வழி அது. ஆகவே இந்தத் தொடருக்கு வாசகர் இல்லை என்றோ, இதை யார் கேட்டார்கள் என்றோ நான் எழுதவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஹாஜி மஸ்தான் வந்தார். 1926இல் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து, எட்டு வயதில் தகப்பனாருடன் பம்பாய்க்குப் போய், சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் இருந்து, பின்னர் துறைமுகத்தில் சுமை தூக்கியவர் அவர். பனைக்குளம் என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். அன்று தேநீர்க் கடையில் தனி உற்சாகம் இருந்தது. அவருடைய வெள்ளை உடைக்கு ஏறக்குறைய அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள்; மெர்சிடிஸ் காருக்கு ஒரு பெட்டிச் செய்தி; அவர் பழகிய திரையுலகத்தாருக்கு இரண்டு பத்தி. தங்கம் எப்படிக் கரையேறியது என்பதற்கு இரண்டே வரி. யார் தோளில் கரையேறியது என்பதற்கு அதுவும் இல்லை. அந்த விடுபட்ட வரியைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

நான் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் புத்தகம் உண்மையில் படிக்கப்படுகிறது என்பதை நூலகர்கள் வாசகரின் பேச்சை வைத்து முடிவு செய்வதில்லை. உள்ளட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்ப்போம். விருது பெற்ற நாவல்கள் பலவற்றின் சீட்டில் நான்கு முத்திரைகள் இருந்தால் அதிகம். கொள்ளைக்காரர்கள், கடத்தல்காரர்கள், சந்தன மரக் காட்டில் ஒளிந்திருந்தவர் ஆகியோரைப் பற்றிய நூல்களுக்குச் சீட்டு நிரம்பி, மேலே இன்னொரு சீட்டு ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். முதுகு பிய்ந்து நானே பசை தடவி நூல் கட்டிய புத்தகங்களும் அவைதான். அவற்றில் எப்போதும் காணாமல் போவது ஒரே வகைப் பக்கம்: கதாநாயகர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் முழுப்பக்கப் புகைப்படம். பிளேடால் ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்திருப்பார்கள். வழக்கு விவரம் உள்ள பக்கத்தை யாரும் வெட்டியதாக என் பணிக்காலத்தில் எனக்கு நினைவில்லை.

இந்த ஆர்வம் சினிமா கொண்டுவந்ததும் அன்று, நேற்று வந்ததும் அன்று. மலிவுத் தாளில் எட்டுப் பக்கம் அச்சடித்த கொலைச் சிந்துகளை ரயிலிலும் சந்தையிலும் பாடியே விற்ற காலம் ஒன்று இருந்தது. 1952 ஆகஸ்டில், சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலில், உரிமை கோருவார் இல்லாமல் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியை மானாமதுரையில் இறக்கித் திறந்தபோது உள்ளே தலையில்லாத உடல் இருந்தது. மானாமதுரை அப்போது எங்கள் மாவட்டம்தான். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்று மருத்துவர்கள் நிறுவினார்கள். ஆளவந்தார் கொலை வழக்கு என்ற பெயரில் மாநிலம் முழுவதும் மாதக்கணக்கில் அதையே பேசியது. அந்த நாளுக்குப் பிறகு என் தாயார், உடையவர் யாரென்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பெட்டியின் அருகிலும் உட்கார்ந்து ரயில் பயணம் செய்ததில்லை. இராமேசுவரம் போகும் வழியில் பக்கத்தில் இருப்பவரிடம், இது உங்க பெட்டியாம்மா என்று அவர் கேட்கும் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கை இன்றுவரை நாம் நினைவில் வைத்திருப்பது கொல்லப்பட்டவரின் பெயரால். கொலைச் சிந்து பாடியவர்கூட மாண்டவரின் வீட்டு வாசலில் நின்றுதான் ஒப்பாரியைத் தொடங்குவார்.

மாண்டவரிடமிருந்து கொன்றவர் பக்கம் நம் பார்வை எப்போது திரும்பியது என்று ஆண்டு குறித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நம் ஊரில் மட்டும் திரும்பவில்லை என்பது தெரியும். 1934 ஜூலை 22 அன்று, சிகாகோ நகரத் திரையரங்கு ஒன்றில் ஒரு தாதா படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்த வங்கிக் கொள்ளையர் ஜான் டிலிஞ்சரை அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் சுட்டுக் கொன்றபோது, கூடியவர்கள் நடைபாதையில் வழிந்த இரத்தத்தில் கைக்குட்டையை நனைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். என் நூலகத்தில் பக்கத்தை வெட்டியவர்கள் அவர்களைவிட நாகரிகமானவர்கள்தான்.

இனி தங்கத்துக்கு வருகிறேன். தொடர் தவறவிட்ட இடம் இதுவே. என் கணிப்பில் கதையின் சுவையான பகுதியும் இதுவே. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிய நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார்கள். எங்கள் பக்கத்திலும் பட்டறையைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போன ஆசாரிமார் உண்டு. 1968இல் அது முழுச் சட்டமாகி, தனிமனிதர் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றமாயிற்று. ஆனால் பெண்ணுக்குத் தாலிக்குப் பொன் வேண்டும் என்பதைச் சட்டம் மாற்றவில்லை. உள்நாட்டு விலைக்கும் துபாய் விலைக்கும் இடையே திறந்த அந்த இடுக்கில்தான் கடத்தல்காரரின் வெள்ளை உடையும் வெளிநாட்டுக் காரும் முளைத்தன. 1974இல் வந்த அந்நியச் செலாவணி பாதுகாப்பு மற்றும் கடத்தல் தடுப்புச் சட்டமும், அதற்கு அடுத்த ஆண்டு வந்த அவசரநிலையும் பலரைச் சிறையில் வைத்தன, மஸ்தான் உட்பட. எனினும் தொழிலின் முதுகெலும்பை முறித்தது சிறை அன்று. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டதும், அடுத்த சில ஆண்டுகளில் இறக்குமதிக்கு வழி திறந்ததும்தான். துப்பாக்கி வீரத்தால் எழுந்த சாம்ராஜ்யம் என்று நாம் வாசித்தது, அரசிதழில் வந்த ஒரு அறிவிப்பால் எழுந்து இன்னோர் அறிவிப்பால் சரிந்தது. இதைச் சொன்னால் நாயகரின் உயரம் குறைந்துவிடும் என்ற பயமோ என்னவோ, எந்தத் தொடரும் சொல்வதில்லை.

அந்தத் தங்கத்துக்கு எடை உண்டு என்பதையும் சொல்வதில்லை. அக்காலத்தில் வந்தவை பத்துத் தோலா பிஸ்கட்டுகள். ஒன்று 116 கிராமுக்குச் சற்று அதிகம். அறை அறையாகத் தைத்த துணி மேலாடையில் நூறு பிஸ்கட்டைச் செருகி உடம்போடு கட்டினால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். அதைக் கட்டிக்கொண்டு, இருட்டில், படகின் விளிம்பிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் இறங்க வேண்டும். கால் வழுக்கினால் நீந்த முடியாது. தங்கம் கீழே இழுக்கும். அப்படி இறங்கியவர்களில் ஒருவரின் பெயரையாவது எந்த நூலிலாவது நாம் வாசித்திருக்கிறோமா? ‘அவருடைய ஆட்கள்’ என்று ஒரு சொல்லில் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள்.

தூத்துக்குடியில் பிறந்து, பம்பாய் விக்டோரியா டெர்மினஸில் சுமை தூக்கி, கள்ளச்சாராயத்தால் வளர்ந்து, 1988 ஜனவரியில் சென்னையில் இறந்த வரதராஜ முதலியாரின் கதையிலும் இதே இடைவெளிதான். பம்பாய் மாகாணத்தின் 1949ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இல்லாமல் அந்த மனிதர் இல்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் இருந்த மதுவிலக்கு இல்லாமல் சிகாகோ தாதா அல் கபோன் இல்லை. கபோனைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது தொப்பி, சுருட்டு, பஞ்ச காலத்தில் அவர் திறந்த கஞ்சித் தொட்டி. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் சுவரைப் பார்க்க நிறுத்திச் சுடப்பட்ட ஏழு பேரின் பெயரைக் கேட்டால் எனக்கே தெரியாது. அவரைச் சிறைக்கு அனுப்பியதோ ஒரு சூதாட்டக் கடையின் கணக்குப் புத்தகம். அதில் இருந்த எழுத்து யாருடையது என்று தேடி, அந்தக் காசாளரைக் கண்டுபிடித்து, நடுங்கிக்கொண்டிருந்த அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, வருமான வரி வழக்கில் 1931 அக்டோபரில் பதினோரு ஆண்டு தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். சிகாகோவையே மிரட்டிய ஒருவரை எதிர்த்துக் கணக்கெழுதும் காசாளர் ஒருவர் கூண்டில் ஏறியதைவிடப் பெரிய திரைக்கதை வேண்டுமா? ஆனால் எங்கள் பேருந்து நிலையக் கடைகளில் அந்தக் காசாளரின் படம் போட்ட சட்டை விற்பதில்லை.

இவ்வளவும் தூரத்துக் கதை. அருகில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு அங்கே மஞ்சள் விலை ஏறியதும், எங்கள் கரையிலிருந்து இரவில் மஞ்சள் மூட்டைகள் கடல் தாண்டத் தொடங்கியதும் தங்கள் செய்தியாளர்கள் எழுதியவைதான். 2021இல் ஒரு நாள் பிற்பகல், கடற்பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்களில் கயிற்றுக்கு நாற்றுக் கட்டும் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண், நெகிழிப் பையில் சுற்றிய காகிதத்தோடு என்னைத் தேடி வந்தார். உப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. காகிதம் நனைந்துவிடும் என்று பையோடு சேர்த்தே நீட்டினார். “சார், இதுல என்ன எழுதிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க” என்றார். அது முதல் தகவல் அறிக்கையின் நகல். அவருடைய மகனுக்கு வயது 19. பனந்தோப்பில் நின்ற வேனிலிருந்து ஃபைபர் படகுக்கு, இடுப்பளவு தண்ணீரில், நாற்பது கிலோ மூட்டைகளை அவன் சுமந்திருக்கிறான். கூலி ஆயிரத்து இருநூறு ரூபாய். நான்காவது மூட்டையில் பிடிபட்டான். அந்த ஆயிரத்து இருநூறும் கைக்கு வரவில்லை.

அறிக்கையை நான் உரக்க வாசித்தேன். அவனுடைய பெயர் இருந்தது. தகப்பன் பெயர், வயது, தெரு, கதவு எண் எல்லாம் இருந்தன. வேன் ஓட்டியவரின் பெயர் இருந்தது. வண்டியை அனுப்பியவர், மஞ்சளை வாங்கியவர், படகுக்குப் பணம் கொடுத்தவர் ஆகியோர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மற்றும் பெயர் தெரியாத சிலர்’ என்று இருந்தது. எத்தனையோ தாதா புத்தகங்களைக் கையாண்டவன் நான்; அன்றுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. புத்தகத்தில் தலைவருக்கு மட்டும் பெயர் உண்டு, மூட்டை சுமந்தவர்கள் ‘ஆட்கள்’. காவல் நிலையக் காகிதத்தில் மூட்டை சுமந்தவனுக்கு மட்டும் பெயர் உண்டு, தலைவர் ‘மற்றும் சிலர்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு முழுப் பக்கம் கிடைக்கும். நாம் ஒன்றை ஞாயிறு இணைப்பிலும் மற்றதை மாவட்டச் செய்தியிலும் போட்டு, இரண்டும் சந்திக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

இருபத்திரண்டு நாள் ரிமாண்டில் இருந்தான். ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். ஒருவருக்கு உறவினர் வந்தார், மற்றவருக்கு அந்தத் தாய் நடையாய் நடந்தார். வக்கீல் கட்டணத்துக்குக் காதில் இருந்த தோடு அடகுக்குப் போனது. இன்றும் அவர் காதில் வேப்பங்குச்சிதான். வெளியே வந்த பையனை நான் கூப்பிட்டு விசாரித்தேன். அவன் என் நூலகத்தில் உறுப்பினராக இருந்தவன். அந்த வகைப் புத்தகங்களையும் எடுத்தவன். புத்தகம் படித்துத்தான் கெட்டுப்போனான் என்று நான் சொல்லமாட்டேன். அவன் போனது ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு. அந்த மாதம் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் அரிசி இல்லை. ஆனால் அனுப்பியவர் யார் என்று ஏன் சொல்லவில்லை எனக் கேட்டபோது அவன் சொன்ன பதில் புத்தகத்திலிருந்தும் படத்திலிருந்தும் வந்தது. “அண்ணன் பேரச் சொல்லிட்டு ஊருக்குள்ள எப்படி சார் தலை நிமிந்து நடக்குறது?” என்றான். அந்த அண்ணன் அவனுக்கு ஜாமீன் எடுக்க வரவில்லை. வீட்டுக்கு அரிசி அனுப்பவில்லை. தொலைபேசி எண்ணைக்கூட மாற்றிவிட்டார்.

தாதா படங்கள் இளைஞர்களுக்குக் கொலை செய்யக் கற்றுக்கொடுக்கின்றன என்று மேடைகளில் பேசுகிறவர்களோடு இதனால்தான் நான் உடன்படுவதில்லை. அரிவாள் பிடிக்க யாரும் திரையரங்குக்குப் போய்ப் பழக வேண்டியதில்லை. அவை கற்றுக்கொடுப்பது மேலே இருப்பவருக்கு விசுவாசமாக இருப்பதை. வாய் திறக்காதவன் ஆண்மகன், திறந்தவன் துரோகி என்பதை. கும்பலில் காட்டிக்கொடுப்பவனுக்கு என்ன நேரும் என்பதைத் திரை மிக விரிவாகக் காட்டும். காட்டிக்கொடுக்காதவனின் தாயாருக்கு என்ன நேர்ந்தது என்பதற்குக் கேமரா போவதில்லை. முடிவில் நாயகன் சாகிறானே, அது பாடம் இல்லையா என்று கேட்பார்கள். 1932இலேயே, கபோனின் சாயல் கொண்ட ஒரு படத்துக்கு ‘தேசத்தின் அவமானம்’ என்று துணைத் தலைப்புச் சேர்த்துத்தான் ஹாலிவுட்டில் வெளியிட்டார்கள். புகைபிடிக்கும் காட்சியின் மூலையில் ஓடும் எச்சரிக்கை வரியை நம் மக்கள் எவ்வளவு அக்கறையோடு வாசிக்கிறார்களோ, அதே அளவு அக்கறையோடுதான் அந்தத் துணைத் தலைப்பையும் அவர்கள் வாசித்திருப்பார்கள். பம்பாய்த் தமிழர் தலைவர் ஒருவரின் சாயலில் 1987இல் வந்த நம் தமிழ்ப் படத்தை நான் மூன்று முறை பார்த்தவன், மூன்று முறையும் கண் கலங்கியவன்; நல்ல கலை என்பதால் அதற்கு மேற்சொன்ன குறை இல்லாமல் போய்விடாது.

தங்கள் தொடரில் இன்னொரு விடுபடல் என்னை வருத்தியது. அது தங்கள் தொழிலைச் சேர்ந்தது என்பதால் உரிமையோடு சொல்கிறேன். பம்பாய் நிழலுலகத்தைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பலர் கடன்பட்டிருப்பது ஜோதிர்மய் டே போன்ற குற்றச் செய்தியாளர்களுக்கு. 2011 ஜூன் 11 அன்று பவாயில், மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த அவரைப் பின்தொடர்ந்து சுட்டுக் கொன்றார்கள். அவருடைய எழுத்தால் ஆத்திரமடைந்தவர் ஏவிய கொலை என்பது அரசுத் தரப்பின் வாதம். 2018 மே மாதம் நிழலுலகத் தலைவர் சோட்டா ராஜனுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ராஜனுக்குத் தொடரில் ஒரு முழு வாரம் கிடைத்தது. டேக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை. கொலம்பியாவில் எல் எஸ்பெக்டடோர் நாளிதழின் ஆசிரியர் கில்லெர்மோ கானோ, போதைப்பொருள் கடத்தல் தலைவர் பாப்லோ எஸ்கோபாரைப் பற்றி விடாமல் எழுதியதற்காக, 1986 டிசம்பர் 17 அன்று தம் பத்திரிகை அலுவலக வாசலிலேயே கொல்லப்பட்டார். யுனெஸ்கோ 1997 முதல் அவர் பெயரில் பத்திரிகைச் சுதந்திர விருது வழங்கி வருகிறது. எஸ்கோபாரின் ஆட்கள் 1989 நவம்பரில் ஒரு பயணிகள் விமானத்தில் குண்டு வைத்து, அதில் இருந்த 107 பேரையும் கொன்றார்கள்.

சென்ற ஆண்டு இராமநாதபுரத்தில், நடைபாதைத் துணிக் கடையில், மீசை வைத்த அந்த எஸ்கோபாரின் முகம் அச்சடித்த பனியனை ஒரு பையன் பேரம் பேசி வாங்கிக்கொண்டிருந்தான். இவர் யார் தம்பி என்று கேட்டேன். “ஃபுட்பால் பிளேயர் சார்” என்றான். எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது. அவருடைய சொந்த ஊரில் இந்த வேடிக்கை இல்லை. மெதஜின் நகரத்தில் எஸ்கோபார் குடும்பம் வாழ்ந்த எட்டு மாடிக் கட்டடம் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் இடமாகிவிட்டதைப் பொறுக்க முடியாமல், நகர நிர்வாகம் 2019 பிப்ரவரியில் அதை வெடிவைத்துத் தகர்த்து, மாண்டவர்களுக்காக அங்கே நினைவுப் பூங்கா அமைத்தது.

தடை கேட்டு எழுதும் கடிதம் இது அன்று. வாழ்நாள் முழுவதும் புத்தகம் கொடுத்தவன் புத்தகத்தைப் பூட்டச் சொல்லமாட்டான். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அதில் அதிகாரிகள் சிலரின் உறவுகளும் பேசப்பட்டிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அவசரம் புரியும். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், வெளிவருமுன் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் இல்லை என்றும், பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலும் எழுதலாம் என்றும், அதைத் தாண்டினால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும் என்றும் தீர்ப்பளித்தது. குற்றத்தால் வந்த புகழை விற்றுக் குற்றவாளி சம்பாதிக்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1977இல் ஒரு சட்டம் செய்தது. ஹென்றி ஹில் என்ற கும்பல்காரரின் கதையைச் சொன்ன நூல் தொடர்பான வழக்கில் 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இப்படி அகலமாகச் சட்டம் எழுதினால், இளவயதில் பேரிக்காய் திருடியதை எழுதிய புனித அகுஸ்தீனாரின் நூலும் அதில் மாட்டிக்கொள்ளுமே என்று நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். நியாயம்தான். சட்டத்தால் திருத்த முடியாத இடம் என்பதால்தான் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறேன்.

பொது ஆவணம் என்று நம் நீதிமன்றம் சொன்ன சொல்லைத் தங்கள் செய்தியாளர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். தீர்ப்பு நகலில் காசாளர் இருக்கிறார். சாட்சி சொன்ன சுமைதூக்கி இருக்கிறார். பிறழ்சாட்சி ஆனவரும் இருக்கிறார், அவர் ஏன் பிறழ்ந்தார் என்பது வரிகளுக்கிடையில் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் மண்டபத்துக்கு அப்பால் கடலில் வீசப்பட்ட 17 கிலோவுக்கும் மேற்பட்ட தங்கத்தைக் கடலோரக் காவல்படையின் முக்குளிப்பு வீரர்கள் அடியிலிருந்து எடுத்தார்கள். இத்தகைய செய்திகளுக்கு ஒரே அச்சில் வார்த்த படம் வரும்: மேசையில் அடுக்கிய கட்டிகள், பின்னால் வரிசையாக அதிகாரிகள், ஓரத்தில் முகத்தைத் துணியால் மூடிய இரண்டு மூன்று மீனவர்கள். தங்கம் யாருடையது, அந்த மீனவர்களுக்குப் பேசிய கூலி என்ன, வழக்கு என்ன ஆயிற்று என்பதை ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்து எழுதிய செய்தியை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். 2022 ஜூலையில் தங்கத்தின் மீதான இறக்குமதி வரி 15 சதவீதமாக உயர்ந்ததையும், 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைந்ததையும் வணிகப் பக்கத்தில் வாசித்தோம்; அந்த ஏற்ற இறக்கம் வேதாளையிலும் தங்கச்சிமடத்திலும் எத்தனை படகுகளின் இரவை மாற்றுகிறது என்று யாராவது விசாரித்து எழுதினால், என் தேநீர்க் கடை நண்பர்கள் அதற்கும் சண்டை போடுவார்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். இந்தக் கரையிலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போய்க் கடை வைத்தும் கப்பலேறியும் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவரை மட்டும் ஊர்ப் பெயரோடு சேர்த்து உலகம் தெரிந்துவைத்திருப்பதில் பனைக்குளத்தாருக்குப் பெருமையா சங்கடமா என்று கேட்டால், கேட்கும் ஆளைப் பொறுத்துப் பதில் வரும்.

மஞ்சள் மூட்டை சுமந்த பையனின் வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. அவனுக்கு ஒன்று, கூட வரும் தாயாருக்கு ஒன்று. ‘மற்றும் பெயர் தெரியாத சிலர்’ ஒரு வாய்தாவுக்கும் வந்ததில்லை. அடுத்த வாய்தா வரும் மாதம் இரண்டாம் வாரத்தில் இருக்கிறது. நானும் அவர்களோடு காலை பத்து மணிக்கே நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் இருப்பேன். தொடரை எழுதும் தங்கள் செய்தியாளர் ஒரு நாள் ஒதுக்கி வர முடியுமானால், தேநீர் என் செலவு. வழக்கின் எண்ணைத் தனித் தாளில் இத்துடன் இணைத்திருக்கிறேன். அதை அச்சிட வேண்டாம். ஊர் சிறியது என்பதால் என் பெயரையும் தவிர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை நூலகர்,
இராமநாதபுரம் மாவட்டக் கடலோரக் கிராமம்.